மண்ணைப் படித்த மனிதர் இராபர்ட் புரூஸ் ஃபூட்

கோடை விடுமுறை வந்தாலே நம் பங்குகளில் ஏற்காடு போகலாமா என்ற பேச்சும் வந்துவிடும். அன்பியக் குடும்பங்கள், மறைக்கல்விப் பிள்ளைகள், இளைஞர் குழு என்று வேன் பிடித்துக் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போவோம். ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டு, மிளகும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு மாலையில் இறங்கிவிடுவோம்.

அதே ஏற்காட்டில் நாம் பெரும்பாலும் உள்ளே நுழையாமலே கடந்து போகிற ஓர் ஆலயம் இருக்கிறது. ஹோலி டிரினிட்டி ஆலயம். ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையாருக்காகக் கட்டப்பட்ட அது இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் சாம்பல் அங்கேதான் வைக்கப்பட்டுள்ளது. பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்று நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூலில் ஒரே வரியில் வருகிறாரே, அவர்தான். பிள்ளைகள் அந்த வரியை ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்த மனிதர் 50 ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்திய மண்ணை நடந்து நடந்து படித்தவர். அவருடைய பணியின் தொடக்கமும் வாழ்வின் கடைசிக் காலமும் நம் சேலம் பகுதியோடு பிணைந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணப் பிரிவுக்கு வந்தார். நிலக்கரி எங்கே கிடைக்கும், இரும்பு எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்காக ஆங்கிலேய அரசு 1851-இல் ஏற்படுத்திய துறை அது. இளைஞர் ஃபூட்டுக்குத் தொடக்கத்தில் கிடைத்த பணியிடங்களில் ஒன்று திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டங்கள் சந்திக்கும் பகுதி. நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது. அன்று மாவட்ட எல்லைகளே வேறு. வில்லியம் கிங் என்ற தம் உடன்பணியாளருடன் சேர்ந்து இப்பகுதியின் பாறை அமைப்பைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1864-இல் வெளிவந்தது. சேலத்துக்காரர்கள் அன்றாடம் பார்க்கும் கஞ்சமலையின் இரும்புத் தாதும், நாம் வெள்ளைக்கல் என்று சொல்கிற மேக்னசைட்டும் அந்த ஆய்வில் இடம்பெற்றவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சமவெளியின் அடிப்பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, உருமாறி, பிறகு மேலே வந்தவை. சேர்வராயன் மலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை வைத்துத் தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் அந்தப் பெயரைச் சூட்டினார். அந்தக் கல் போனதோ நம் சென்னைப் பக்கத்திலிருந்து! இத்தகைய பாறையில் சிப்பியோ எலும்போ இலையோ கிடைக்காது. கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் அரியலூருக்குப் போனால் கதையே மாறிவிடும். அங்கே சுண்ணாம்புக்கல்லைத் தட்டினாலே கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் தெரியும். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்குச் சான்று அந்தப் பாறையிலேயே இருக்கிறது. அப்படியானால் சேலம், நாமக்கல் போன்ற இடங்களில் பழைய நிலம் எப்படி இருந்தது என்று எதைக் கொண்டு அறிவது? பாறையின் மேல் கிடக்கும் சரளை, செம்மண், களிமண், ஆற்று வண்டல் இவற்றைக் கொண்டுதான். ஃபூட் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சென்றது இந்த மேல் மண்ணிடம்தான்.

மண் அடுக்குகளைப் படிக்கும் கலைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முக்கியமானவர் நம் திருச்சபையின் ஆயர் ஒருவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். டென்மார்க்கில் பிறந்து, கத்தோலிக்கராகி, ஆயராக உயர்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ அவர்கள் 1669-இல் எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையை நிறுவினார். கலைக்கப்படாத அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். ஏரியில் வண்டல் வெட்டும்போது பக்கச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு சாண் கருப்பு, அதன் கீழ் வெளிறிய களி, அதற்கும் கீழ் மணல். ஏரி நிரம்பி நின்ற காலம், வற்றிக் கிடந்த காலம், வெள்ளம் புரண்டு வந்த காலம் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன.

ஃபூட்டின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1862-இல் அவர் மணந்த எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் என்ற அருட்பணியாளரின் மகள். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு திருவிவிலியத்தைத் தமிழாக்கம் செய்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவர். சென்னையில் தினவர்த்தமானி என்ற இதழை நடத்தியவர். 1882-இல் அவர் இறந்ததும் ஏற்காட்டில்தான். மாமனார் தமிழ்ச் சொற்களைச் சேகரித்தார், மருமகன் தமிழ் மண்ணின் கற்களைச் சேகரித்தார் என்று சொன்னால் மிகையாகாது. எலிசபெத் இளம் வயதிலேயே இறந்துபோனது ஃபூட்டின் வாழ்வில் பெரிய துயரம். பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டார்.

1863 மே 30. ஃபூட்டுக்கு அப்போது வயது 28. பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடல் அருகே சரளை வெட்டிய ஒரு குழி இருந்தது. லேட்டரைட் என்று சொல்லப்படும் செம்பூராங்கல் சரளை. குழியில் கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபூட்டின் கையில் ஒரு கல் அகப்பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினமான கல். இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, கூர்மையாக்கப்பட்டிருந்தது. இயற்கையில் உடைந்த கல் அல்ல, மனிதக் கை வேலை என்று அவர் உடனே உணர்ந்தார். பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் பூஷே தெ பெர்த் கண்டெடுத்த கற்கருவிகள், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு ஒரே அடுக்கில் கிடந்தவை என்பதை ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் பார்த்து ஏற்றுக்கொண்டது 1859-இல்தான். அந்தச் செய்தி ஃபூட்டுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திராவிட்டால் அவரும் மற்றவர்களைப் போல அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28-இல் அவரும் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், இன்றைய பூண்டி அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவில் மனிதரின் தொன்மை எவ்வளவு என்ற கேள்வி அந்த ஆண்டிலிருந்துதான் ஆய்வுப் பொருளானது.

கல்லைக் கண்டெடுத்ததற்காக மட்டும் நாம் அவரைப் பாராட்டவில்லை. அழகான கல் கிடைத்தால் துடைத்து அலமாரியில் வைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஃபூட் அந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கு எதனால் ஆனது, அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று குறித்து வைத்தார். கருவி கூர்மையாக இருக்கிறதா, உருண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். தேய்ந்திருந்தால் தண்ணீர் அதைத் தூரத்திலிருந்து உருட்டி வந்திருக்கிறது, கூர்மையாக இருந்தால் அருகிலேயே விழுந்தது என்று பொருள். லேட்டரைட்டும் சும்மா உருவாவதில்லை. வெப்பமும் மழையும் மாறி மாறி வந்து, பாறையில் உள்ள மற்றவற்றைக் கரைத்துக்கொண்டு போய், இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டுவைக்கும்போது உருவாவது. ஏற்காட்டு உச்சியில் உள்ள பாக்சைட்டும் அப்படி வந்ததே. ஆகவே அந்தச் சிவப்புச் சரளையே பழைய தட்பவெப்பத்தின் ஒரு சாட்சி.

அவர் தவறும் செய்தார். சென்னையைச் சுற்றியுள்ள லேட்டரைட் படிவுகள் கடலுக்கு அடியில் உருவானவை என்றும், கருவிகள் கரையிலிருந்து கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டவை என்றும் தொடக்கத்தில் கருதினார். அது சரியல்ல, ஆறும் மழைநீரும் நிலத்தின் மேலேயே பரப்பியவை அவை என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. ஆனால் கிடைத்த இடத்தையும் அடுக்கையும் அவர் எழுதி வைத்திருந்ததால்தான் அவரைத் திருத்தவும் முடிந்தது.

கர்நாடகத்தில் கோகாக் அருகே சிக்தவுலி என்ற இடத்தில், ஓடைக் கரைக் களிமண்ணில் 1871-இல் அவருக்கு ஒரு காண்டாமிருகத்தின் எலும்புகள் கிடைத்தன. இன்று அது மழை குறைந்த கரிசல் நாடு. காண்டாமிருகத்துக்கோ நீரும் நிழலும் புதரும் வேண்டும். அந்த விலங்கு வாழ்ந்தபோது நிலம் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்பதை எலும்பும் அது கிடந்த களியும் சேர்ந்து சொல்கின்றன. 1874-இல் வெளியான ஆய்வில் ஃபூட் அதற்குத் தக்காணத்தின் பெயரையே வைத்தார்.

அடுத்து குகைகள். ஆந்திராவில், இன்றைய நந்தியால் மாவட்டத்தின் பேதம்செர்லா அருகே பில்ல சுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. அங்கே எலும்புகள் இருப்பதாக நியூபோல்டு என்ற படை அதிகாரி 1844-இலேயே எழுதியிருந்தும் 40 ஆண்டுகள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1880-களில் ஃபூட்டும், படையில் பணியாற்றிய அவர் மகன் ஹென்றியும் அங்கே தோண்டினார்கள். அக்குகைகளுக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர்கள் நமக்குப் புன்னகை வரவழைக்கும். ஒன்று பேராலயக் குகை. மற்றொன்று எலும்பறைக் குகை. இன்னொன்றுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்றே பெயர்! உள்ளே தோண்டியவர்கள் பட்ட பாடு அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

தோண்டிய மண்ணில் மான், பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, காண்டாமிருகம் என்று பலவகை விலங்குகளின் எலும்புகள் வந்தன. இலைடெக்கர் என்ற அறிஞர் அவற்றை வகைப்படுத்தி 1886-இல் வெளியிட்டார். பல ஆண்டுகள் கழித்து இன்னோர் ஆய்வுக் குழு அதே குகைகளில் மீண்டும் தோண்டியது. 2014-இல் வெளிவந்த முடிவுகள் வியப்பானவை. கடந்த 2 லட்சம் ஆண்டுகளில் அங்கே வாழ்ந்ததாக இனங்காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் இந்தியாவில் இன்றும் உள்ளன. ஆப்பிரிக்காவின் கெலாடா குரங்கின் உறவான ஒரு வகை மட்டுமே மறைந்துபோனது. இதற்கிடையில் பருவமழை பலமுறை பெருகியது, பலமுறை பொய்த்தது. காடும் புல்வெளியும் நீர்நிலையும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடந்ததால் ஓரிடம் வறண்டபோது விலங்குகளால் இன்னோர் இடத்துக்கு நகர முடிந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் தொடர்ச்சி இன்று எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை நம் சாலைகளையும் வேலிகளையும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

தென்மாவட்டங்களின் தேரி மணல்மேடுகளையும் ஃபூட் ஆராய்ந்தார். காற்று சேர்த்த அந்தச் சிவப்பு மணலில், சாயர்புரம் பகுதியில், கற்சில்லுகளைக் கண்டார். அவருடைய மதுரை, திருநெல்வேலி அறிக்கை 1883-இல் வந்தது. பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளைப் பற்றி ஊருக்கு ஒரு கதை வழங்கி வந்தது. எரிமலை என்றவர்களும் உண்டு. ஃபூட் அவை எரிந்த மாட்டுச் சாணம் என்றார். கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மேடு அளவுக்குச் சாணம் சேர வேண்டுமானால் எத்தனை மாடுகள், எவ்வளவு மேய்ச்சல் நிலம், எத்தனை தலைமுறைப் பட்டிகள் இருந்திருக்க வேண்டும்! ஆல்ச்சின் என்ற தொல்லியலாளர் உட்னூரில் அகழ்ந்து 1963-இல் வெளியிட்ட நூல் ஃபூட் சொன்னதை உறுதிப்படுத்தியது.

அத்திரம்பாக்கத்தின் கதையும் ஃபூட்டோடு முடியவில்லை. இயேசு சபைக் குருவும் புதைபடிவ அறிஞருமான தெயார் த ஷார்தேன் 1935-இல் இந்தியாவுக்கு வந்து ஆய்வு செய்தபோது அவருடன் பணியாற்றிய பாட்டர்சன், சென்னைப் பகுதிக் கருவிகளையும் ஆராய்ந்தார். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் முறையாக அகழ்ந்தார்கள். அங்கே சரளைக்கு அடியில் மெல்லிய ஏடுகளாகப் படிந்த ஒரு களிமண் இருக்கிறது. அது டைனோசர் காலத்தது, மனிதரின் சுவடு அதில் இருக்க வாய்ப்பே இல்லை என்று அதுவரை எல்லாரும் நம்பினார்கள். அதனால் யாரும் அதைத் தோண்டவில்லை. இவர்கள் தோண்டினார்கள். களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் கிடந்தன! ஆறு மெதுவாகப் பெருகி வந்து வயலில் வண்டல் விடுவது போல விட்டுச்சென்ற படிவு அது. அதில் எருமை அல்லது மாட்டினம், குதிரையினம் முதலியவற்றின் பல் படிவங்களும், விலங்குகளின் குளம்பு பதிந்த தடங்களும் இருந்தன. ஈரமான கரை, அதைச் சுற்றித் திறந்த புல்வெளி, தண்ணீர் குடிக்க வரும் கூட்டம் என்று அந்த இடம் கண்முன் வருகிறது.

அதன் காலத்தையும் கணித்தார்கள். தரையில் திறந்து கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்களால் சில அணுக்கள் உருவாகும். கல் புதைந்துவிட்டால் அவை தேயத் தொடங்கும். தேய்ந்த அளவைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணிக்கலாம். 2011-இல் வெளியான முடிவு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். மேல் அடுக்கில் வேறு வகைக் கருவிகள் தொடங்குவது ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் தெரிவித்தார்கள். ஃபூட் இவ்வளவு பெரிய எண்ணைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

நம் மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையின் பழைய கோவில்களில் கற்காலக் கருவிகள் கிடைத்ததுண்டு. நிலத்தில் தட்டுப்பட்ட வழவழப்பான கல்லை மலைமக்கள் புனிதமாகக் கருதிச் சாமியிடம் சேர்த்திருக்கிறார்கள். அதனால் கல் தப்பிப் பிழைத்தது. ஆனால் அது எந்தக் காட்டில், எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டது. பல்லாவரத்துக் குழியை நினைத்தாலும் இதே சங்கடம்தான். குழி வெட்டியிராவிட்டால் ஃபூட்டுக்கு அந்தக் கல் தெரிந்திருக்காது. வெட்டியதால் அதைச் சுற்றியிருந்த எத்தனையோ போயின. இன்று நம் சேலம், நாமக்கல் சாலைகளில் இரவு பகலாகக் கிராவல் லாரிகள் ஓடுகின்றன. திருமணிமுத்தாறு ஏற்காட்டிலிருந்து இறக்கிவந்து காவிரி வரை விரித்த வண்டலில் வீட்டு மனைகள் எழும்புகின்றன. ஜேசிபி வெட்டிய புதுக் குழியின் சுவரைக் குனிந்து பார்ப்பதற்கு ஒரு ஃபூட் ஊரில் இருக்கிறாரா என்று நாம் சில நேரங்களில் நினைப்பதுண்டு.

1891-இல் ஃபூட் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகப் புவியியல் பணி செய்தார். இறுதியாக ஏற்காட்டில் குடியமர்ந்தார். 40 ஆண்டுகளாகச் சேர்த்த கற்களையும் மண்பாண்டத் துண்டுகளையும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. அவை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் உடைமை. விற்றுவிட்டோம், முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 70 வயதைக் கடந்த நிலையிலும் ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் கிடைத்தது என்று மாவட்ட வாரியாகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். நம் சேலம் மாவட்டமும் அதில் உண்டு. பட்டியல் அச்சாகி வருவதற்கு முன்பே, 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். பட்டியலின் முதல் பகுதி 1914-இலும் அடுத்தது 1916-இலும் வெளிவந்தன.

அவர் உடல் கல்கத்தாவில் எரியூட்டப்பட்டது. சாம்பல் அங்கிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்த மே மாதம் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகும்போது, ஏரிக்குப் போவதற்கு முன் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ஒரு பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லலாம். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியின் விடை அங்கே இருக்கிறது.